பாரிஸ் மன்றமும் பூம்பாறைப் பூண்டும்

(பூம்பாறையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வளரும் நாடு ஒன்று உலகப் பொருளாதாரக் கொள்கை வகுக்கும் அமைப்பில் எப்படி உறுப்பினராகிறது, அந்த வழியில் இந்தியா எங்கே நிற்கிறது என்று பேசச் சொன்னீர்கள். டெல்லியில் பேச வேண்டியதை மலைமேல் வந்து ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். உங்கள் பூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வழங்கிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அந்த அலுவலகத்துக்கு அதிகாரம் தந்தது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை இந்தியா இயற்ற வேண்டி வந்ததற்குக் காரணம், 1994 ஏப்ரல் 15 அன்று மொராக்கோவின் மாரகேஷ் நகரில் நம் வணிக அமைச்சர் போட்ட கையெழுத்து. அந்தக் கையெழுத்தில்தான் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. யாரோ எங்கோ போட்ட கையெழுத்து 25 ஆண்டுகள் கழித்து உங்கள் பூண்டு மூட்டையின் மேல் வந்து ஒட்டியிருக்கிறது. இது நல்லதற்காக வந்தது. வேறு கையெழுத்துகள் வேறு விதமாகவும் வரும்.

மாரகேஷில் கையெழுத்தான அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில் புவிசார் குறியீடு பற்றி இரண்டு விதிகள் உண்டு. 22-ஆவது விதி எல்லாப் பொருள்களுக்கும் பொதுவானது. 23-ஆவது விதி திராட்சை மதுவுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டும். பிரான்ஸில் ஷாம்பெயின் செய்கிறவர் தன் ஊர்ப் பெயரை வேறொருவர் பயன்படுத்தினால், வாங்குபவர் ஏமாந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பெயரைப் பயன்படுத்தியதே குற்றம். மலைப்பூண்டு விளைவிப்பவர் வேறு நாட்டில் வழக்குப் போட்டால், வாங்குபவர் ஏமாந்தார் என்று காட்ட வேண்டும். மதுவுக்குத் தந்த பாதுகாப்பை மற்றப் பொருள்களுக்கும் தாருங்கள் என்று இந்தியாவும் வேறு பல நாடுகளும் 2001 தோஹா மாநாட்டுக் காலத்திலிருந்து கேட்டு வருகின்றன. இன்றுவரை கிடைக்கவில்லை. விதியை எழுதும்போது யார் வலுவோடு அந்த அறையில் இருந்தார்களோ, அவர்கள் ஊர்ச் சரக்குக்கு உயர்ந்த பாதுகாப்பு கிடைத்தது. உலக அமைப்புகளைப் பற்றி நான் சொல்ல வந்ததில் பாதி இதிலேயே இருக்கிறது.

இந்தியா இந்த அறைகளுக்குப் புதிய நாடு அல்ல. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடிப் பன்னாட்டு நிதியத்தையும் உலக வங்கியையும் உருவாக்கின. நாம் அப்போது அடிமை நாடு. குழுவின் தலைவர் ஆங்கிலேயர் ஜெரமி ரைஸ்மன். ஆனால் அந்தக் குழுவில் சி.டி. தேஷ்முக்கும் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார்கள். போர்க்காலத்தில் இந்தியாவிடமிருந்து பொருள்களை வாங்கிக்கொண்டு பிரிட்டன் தர வேண்டியிருந்த கடன் நூறு கோடி பவுண்டுக்கும் மேல். அந்தக் கடனைத் தீர்க்க வழி செய்யுங்கள் என்று நம்மவர்கள் அந்த மாநாட்டிலேயே கேட்டார்கள். நடக்கவில்லை. பின்தங்கிய நாடுகளின் வளர்ச்சியும் நிதியத்தின் நோக்கங்களில் சேர வேண்டும் என்றும் வாதிட்டார்கள். ஆளும் நாட்டின் நிழலில் உட்கார்ந்துகொண்டே ஆளும் நாட்டிடம் கடனைக் கேட்ட அந்தத் துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன். சோவியத் ஒன்றியம் நிதியத்தில் சேராமல் ஒதுங்கியதால், அதிகப் பங்குள்ள முதல் ஐந்து நாடுகளில் ஒன்றாக இந்தியா அமர்ந்தது. சண்முகம் செட்டியார்தான் பிறகு விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர்.

1947 அக்டோபர் 30 அன்று ஜெனிவாவில், உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான காட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 23 நாடுகளிலும் இந்தியா உண்டு. பிரெட்டன் வுட்ஸ், ஜெனிவா இரண்டு இடத்திலும் நாம் தொடக்கத்திலிருந்தே உள்ளே இருந்தோம். உள்ளே இல்லாத இடம் ஒன்று உண்டு. அது பாரிஸில் இருக்கிறது.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு என்பது அதன் முழுப் பெயர். ஓ.இ.சி.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா தந்த மார்ஷல் திட்ட உதவியைப் பங்கிட 1948-இல் ஐரோப்பிய நாடுகள் ஓர் அமைப்பை உண்டாக்கின. அதில் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 1961-இல் இன்றைய வடிவம் வந்தது. இப்போது 38 நாடுகள். இது கடன் தராது. உலக வர்த்தக அமைப்பைப் போல வழக்கு விசாரிக்கும் மன்றமும் இதற்குக் கிடையாது. பிறகு ஏன் நாடுகள் வாசலில் நிற்கின்றன? இது அளக்கிறது, ஒப்பிடுகிறது, விதிகளுக்கு முதல் வரைவு எழுதுகிறது. பன்னாட்டு நிறுவனங்களுக்கு எந்த நாடு எவ்வளவு வரி போடலாம், 15 வயதுப் பிள்ளைக்கு எந்த அளவு வாசிக்கத் தெரிய வேண்டும், எது வெளிநாட்டு உதவி எது வியாபாரம், விவசாயிக்கு அரசு தருவது எவ்வளவு எடுப்பது எவ்வளவு என்பதெல்லாம் அங்கே நடக்கும் குழுக் கூட்டங்களில் உருவாகின்றன. அப்படி உருவானது சில ஆண்டுகளில் உலக வழக்கமாகிவிடுகிறது.

அதில் சேரும் வழி நீளமானது. உறுப்பு நாடுகளின் மன்றம் ஒருமனதாகப் பேச்சைத் தொடங்க வேண்டும். பிறகு வழித்திட்டம் ஒன்று தருவார்கள். சுற்றுச்சூழல், போட்டிச் சட்டம், லஞ்ச ஒழிப்பு, வேளாண்மை, புள்ளிவிவரம் என்று இருபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் அந்த நாட்டின் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும். மாற்றச் சொன்னதை மாற்றினால்தான் குழு சம்மதம் தரும். எல்லாம் முடிந்த பின்னும் ஓர் உறுப்பு நாடு மறுத்தால் கதவு திறக்காது.

கோஸ்டாரிகா இந்த வழியில் போன சிறிய நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 50 லட்சம். 1948 உள்நாட்டுப் போருக்குப் பிறகு ராணுவத்தையே கலைத்துவிட்டவர்கள். காபியும் வாழையும் அவர்களுடைய பயிர். கார்த்தாகோ மாகாணத்தின் எரிமலைச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் கேரட்டும் வெங்காயமும் விளைகின்றன. அந்தச் சரிவை நீங்கள் பார்த்தால் நம் ஊர் மாதிரி இருக்கிறதே என்பீர்கள். 2015-இல் பேச்சு தொடங்கியது. 22 குழுக்கள் ஆய்வு செய்தன. வெளிநாட்டில் லஞ்சம் கொடுப்பதற்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றார்கள். போட்டிச் சட்டத்தைத் திருத்தினார்கள். வங்கியில் போட்ட பணத்துக்குக் காப்பு நிதிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இவை நல்ல சட்டங்கள். உறுப்பினராக வேண்டும் என்ற குறிக்கோள் இல்லாவிட்டால் அவர்கள் நாடாளுமன்றத்தில் இவை பல ஆண்டுகள் தூங்கியிருக்கும். 2021 மே 25 அன்று 38-ஆவது உறுப்பினரானார்கள்.

அதே நாட்டின் நெல் விவசாயிகளிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அரிசிக்கு அங்கே இறக்குமதி வரியும் அரசு நிர்ணயித்த விலையும் இருந்தன. இதனால் ஏழை வீட்டுச் சாப்பாடு விலை ஏறுகிறது என்று 2017 ஆய்வில் பாரிஸ் அமைப்பு சுட்டிக்காட்டியது. உண்மைதான், ஏறியது. 2022-இல் புதிய அரசு 35 சதவீதமாக இருந்த வரியை ஏறத்தாழ 4 சதவீதத்துக்கு இறக்கியது. விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்தது. இது பாரிஸ் போட்ட உத்தரவு அல்ல, அந்த அரசின் சொந்த முடிவு. ஆனாலும் உலக அமைப்பு எழுதிய ஆய்வு கையில் இருக்கும்போது அமைச்சருக்கு முடிவெடுப்பது எளிதாகிறது. விவசாயிக்கு எதிர்வாதம் செய்வது கடினமாகிறது. ஆய்வு எழுதப்படும் காலத்தில் நெல் விளைவிப்பவர் தன் கணக்கைக் கொண்டுபோய் வைத்தாரா என்பதுதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இன்னும் இரண்டு நாடுகளைச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ 1994 மே மாதம் சேர்ந்தது. அதே டிசம்பரில் அதன் நாணயம் சரிந்தது. தென்கொரியா 1996 டிசம்பரில் சேர்ந்தது. ஓராண்டுக்குள் பன்னாட்டு நிதியத்திடம் கையேந்தியது. சேர்ந்ததால்தான் விழுந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணம் எல்லை தாண்டிப் போகவும் வரவும் தடை இருக்கக் கூடாது என்பது அந்த அமைப்பின் பழைய விதிகளில் ஒன்று. சேர்வதற்கு முன் கொரியா இந்தக் கதவுகளைப் போதிய காவல் இல்லாமல் திறந்தது. கொரியா எழுந்துவிட்டது. எழுவதற்குள் வேலை இழந்த குடும்பங்கள் எத்தனையோ.

இந்தியா உறுப்பினராக விண்ணப்பிக்கவில்லை. 2007-இல் பிரேசில், சீனா, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்காவோடு நம்மையும் நெருங்கிய கூட்டாளி நாடுகள் என்று அழைத்தார்கள். பிரேசிலுடன் 2022-இலும் இந்தோனேசியாவுடன் 2024-இலும் சேர்க்கைப் பேச்சு தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஆதரவுக்காக பிரேசில் ஒரு விலை கொடுத்தது: உலக வர்த்தகப் பேச்சுகளில் வளரும் நாட்டுக்கு உண்டான சலுகைகளை இனிக் கோர மாட்டோம் என்று 2019-இல் ஒத்துக்கொண்டது. அந்தச் சலுகைகளைக் காப்பதில் முன்னால் நிற்கும் நாடு இந்தியா. அதனால்தான் டெல்லி தயங்குகிறது. தயங்குவது சரி என்பதே என் எண்ணமும்.

ஆனால் வெளியே நிற்கிறோம் என்று சொல்வதும் முழு உண்மையாகாது. பக்கவாட்டுக் கதவுகள் வழியாகப் பல இடங்களில் உள்ளே போய்விட்டோம். 2008-இல் அந்த அமைப்பின் விதைச் சான்றுத் திட்டத்தில் சேர்ந்தோம். 2011 முதல், தரம் அங்கீகரிக்கப்பட்ட இந்திய ஆய்வுக்கூடங்களில் செய்யும் பூச்சிமருந்துப் பாதுகாப்புச் சோதனைகளை அந்த நாடுகள் ஏற்கின்றன. இவை சத்தமில்லாமல் நடந்தவை. சத்தத்தோடு நடந்த ஒன்று உண்டு. அது நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளைப் பற்றியது.

15 வயது மாணவர்களின் வாசிப்பு, கணக்கு, அறிவியல் திறனை அளக்கும் பீசா என்ற தேர்வை அந்த அமைப்பு நடத்துகிறது. 2009 சுற்றின் நீட்சியில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 இறுதியில் முடிவு வந்தது. இரு மாநிலங்களும் பட்டியலின் அடியில் கிடந்தன. வாசிப்பில் அடிப்படைத் தகுதியைத் தொட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டில் 17 சதவீதம். அந்த அமைப்பின் நாடுகளில் 81 சதவீதம். கேள்விகள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்கு அந்நியமானவை என்று டெல்லி சொன்னது. அடுத்த சுற்றுகளில் கலந்துகொள்ளவில்லை. கேள்விகள் சிலவற்றில் குறை இருந்திருக்கலாம். ஆனால் நம் தேர்வுகளில் 90 சதவீதம் தேர்ச்சி பெறும் பிள்ளைகளில் பலருக்கு ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் சொல்ல முடியவில்லை என்று அந்த அளவுகோல் சொன்னதை நாம் காதில் வாங்கியிருக்க வேண்டும். கேள்விகள் அந்நியமானால் கேள்வி எழுதும் குழுவில் போய் உட்கார்ந்து சண்டை போட்டிருக்க வேண்டும். எழுந்து வந்ததில் இழந்தது இங்கே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் வயதுக்காரர்கள்தான். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

அளவுகோலைப் பற்றிப் பேசும்போது விவசாயத்துக்கு வர வேண்டும். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இந்திய விவசாயிக்கு அரசு எவ்வளவு ஆதரவு தருகிறது? ஜெனிவாவில், உலக வர்த்தக அமைப்பில், ஒரு கணக்கு இருக்கிறது. நெல்லுக்கு இன்று அரசு அறிவிக்கும் ஆதரவு விலையை எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து 1986 முதல் 1988 வரை இருந்த உலகச் சந்தை விலையைக் கழிப்பார்கள். நாற்பது ஆண்டுக்கு முந்தைய விலை! அந்த வித்தியாசம் முழுவதும் அரசின் ஆதரவு என்று கணக்கு எழுதுவார்கள். அது விளைச்சல் மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2018-19-இல் நெல்லில் நாம் தாண்டிவிட்டோம். 2013 பாலி மாநாட்டில் பெற்ற இடைக்கால விலக்கைக் காட்டித் தப்பித்தோம். அந்த விலக்கை முதன்முதலில் பயன்படுத்திய நாடு இந்தியா.

பாரிஸில் இன்னொரு கணக்கு. டெல்லியில் உள்ள இக்ரியர் ஆய்வு நிறுவனமும் ஓ.இ.சி.டி.யும் சேர்ந்து 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அதில் இன்றைய உள்ளூர் விலையை இன்றைய உலக விலையோடு ஒப்பிட்டார்கள். உர மானியம், மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றையும் விவசாயியின் வரவில் சேர்த்தார்கள். பிறகு ஏற்றுமதித் தடை, இருப்பு வரம்பு, சந்தை வசதிக் குறைவு ஆகியவற்றால் அவருக்குக் கிடைக்காமல் போன விலையைக் கழித்தார்கள். 2000-01 முதல் 2016-17 வரை சராசரி என்ன வந்தது தெரியுமா? கழித்தல் 14 சதவீதம். மானியம் அத்தனையும் சேர்த்துப் பார்த்த பின்னும், விவசாயி தன் மொத்த வரவில் 14 சதவீத அளவுக்கு நாட்டின் கொள்கைக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார். விலை ஏறும்போது ஏற்றுமதியை நிறுத்தி நகரத்தைக் காப்பாற்றுகிறோம். விலை விழும்போது கிராமத்தைக் காப்பாற்ற அந்த வேகத்தில் யாரும் வருவதில்லை. வெங்காயத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். பூண்டுக்கோ ஆதரவு விலை என்ற பேச்சே கிடையாது. வடுகபட்டிச் சந்தையில் அன்றைக்கு என்ன விலையோ அதுதான்.

ஒரே விவசாயி. ஜெனிவாவில் அவர் அளவுக்கு மீறிச் சலுகை பெறுகிறவர். பாரிஸில் அவர் கையிலிருந்து எடுக்கப்படுகிறது. இரண்டு முடிவுகளும் கணக்கு முறையிலிருந்தே வருகின்றன. பாரிஸ் கணக்கில் நம் உண்மை வெளிவந்ததற்கு ஒரு காரணம், அதை எழுதும்போது இந்திய ஆய்வாளர்கள் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். முழு உறுப்பினராவதற்கு முன்பே இது முடிந்தது என்பதைக் கவனியுங்கள். வேளாண்மை, காய்கனித் தரம், வரி, கல்வி பற்றிய குழுக்களில் இந்தியா இன்றே தன் நல்ல ஆள்களை அனுப்ப வேண்டும். ஆண்டு முழுவதும் உட்கார வைக்க வேண்டும். பணம் எல்லை கடக்கும் விதிகளிலும் வளரும் நாட்டுச் சலுகையிலும் நம் நிபந்தனை ஏற்கப்படும் வரை உறுப்பினர் பதவிக்கு அவசரம் வேண்டாம்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் அதிகாரப் பட்டியல்கள் இருக்கின்றன. மத்திய பட்டியலில் 14-ஆவது இனம், வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்வது. மாநிலப் பட்டியலிலும் 14-ஆவது இனம் ஒன்று உண்டு, அது வேளாண்மை. பயிர் நோய்த் தடுப்பும் அதிலேயே வருகிறது. ஒப்பந்தம் டெல்லியுடையது, வயல் சென்னையுடையது. இரண்டும் மோதினால் 253-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை நிறைவேற்ற நாடாளுமன்றம் எந்தப் பொருளிலும் சட்டம் போடலாம் என்று சொல்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ, நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதலும் தேவையில்லை. மத்திய அமைச்சரவை முடிவு செய்தால் போதும். மாரகேஷில் அப்படித்தான் நடந்தது. கையெழுத்தான பிறகு காப்புரிமைச் சட்டத்தை 1999, 2002, 2005 என மூன்று முறை திருத்தினார்கள்; ஒவ்வொரு முறையும் விவாதத்தில் முதல் வரி, ஏற்கெனவே ஒத்துக்கொண்டாயிற்றே என்பது. கோஸ்டாரிகாவில் சேர்க்கை ஒப்பந்தம் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. அந்தச் சிறிய நாட்டுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது?

சீனப் பூண்டு விஷயத்தைப் பாருங்கள். பூஞ்சை நோய் வரும் என்ற அச்சத்தால் அதன் இறக்குமதியை இந்தியா தடுத்து வைத்திருக்கிறது. உலகப் பூண்டு விளைச்சலில் பெரும்பங்கு சீனாவுடையது. கள்ளத்தனமாக அது உள்ளே வந்து பிடிபடும் செய்திகளைப் படிக்கிறீர்கள். பயிர் நோய்க் காரணத்துக்காகத் தடுக்க உலக வர்த்தக விதிகள் இடம் தருகின்றன, ஆனால் அறிவியல் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தைத் திரட்ட வேண்டியவர்கள் மாநில வேளாண் துறையும் பல்கலைக்கழகமும், நோயை முதலில் கண்ணால் பார்க்கும் நீங்களும்தான். பேச்சு நடத்துபவர் டெல்லி அதிகாரி. இந்த இரண்டு பேரும் சந்திக்கும் இடம் ஒன்று சட்டப்படி இல்லை.

பூம்பாறை தனி ஊராட்சி. உங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. பழனித் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரும் திண்டுக்கல் நாடாளுமன்ற உறுப்பினரும் இருக்கிறார்கள். அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். வேளாண்மையைத் தொடும் எந்த உலக ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுவதற்கு முன் அதன் வரைவைத் தமிழில் வெளியிட்டு, தமிழ்நாடு சட்டமன்றத்தில் விவாதித்து, மலைப்பயிர் விவசாயிகளின் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பெண்கள் கையெழுத்து அதில் முதலில் இருக்கட்டும். பூண்டுப் பல்லை நடுகிற கைகள் பெரும்பாலும் அவர்களுடையவை. தீர்மானத்தின் வாசகத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். திருத்த வேண்டியதை நீங்கள் திருத்துங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.